காப்புக் கட்டிய கையில் கேப்சூல்

எங்கள் கடையில் ஆளை நிறுக்கத் தனியாக எந்திரம் கிடையாது. சின்னமனூரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடைக்கு அது தேவையும் இல்லை. மூட்டை நிறுக்கிற தராசு ஒன்று வாசலோரம் இருக்கும். போன பங்குனியில் ஒரு நாள், வியாபாரம் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் ஏறி நின்றேன். எங்களிடம் மூட்டை ஏற்றி இறக்குகிறவர் தோள்துண்டை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மூட்டை யூரியாவுக்கு மேல போகுதுண்ணே. வாயத் தைக்காம விட்டா சிந்திரும்," என்றார்.

யூரியா மூட்டை ஒன்று நாற்பத்தைந்து கிலோ. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அந்த எடையைப் பல வருடங்களாகச் சுமந்து பழகியவன் நான். மேலே சரக்கு அடுக்கியிருக்கும் கிட்டங்கிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று, ஏதோ ஞாபகம் வந்தவன் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு வாங்கத்தான் நிற்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அடுத்த மாதம் சித்திரையில் நான் வீட்டிலிருந்து வீரபாண்டி அம்மன் கோயில் வரை நடக்க வேண்டியிருந்தது. நடந்து போய் அக்கினிச்சட்டி எடுக்க வேண்டியிருந்தது. என் மகளின் உயிருக்காக நான் கொடுத்த வாக்கு அது.

மகள் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ஐப்பசி அடைமழையில் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று கஞ்சியும் மாத்திரையுமாக இருந்துவிட்டோம். பிறகு டெங்கு என்றார்கள். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. ஒவ்வொரு முறை ரிப்போர்ட் வரும்போதும் நான் முதலில் நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன். பிறகுதான் தாளைப் பார்ப்பேன். ஒரு மத்தியானம் அந்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். நான் வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றேன். காய்ச்சல், அம்மை என்றால் எங்கள் பக்கத்தில் வாய் தானாக யார் பெயரைச் சொல்லுமோ, அந்தப் பெயரைத்தான் என் வாயும் சொன்னது.

"வீரபாண்டி ஆத்தா, எம்புள்ளைய எந்திரிக்க வச்சிரு. வீட்டுல இருந்து நடந்தே வந்து சட்டி எடுக்கேன்."

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பி, "நல்லா வேண்டிக்கிட்டீக. நான் கேட்டுட்டேன், இனி மாத்த முடியாது," என்றார்.

மறுநாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். அவருக்கும் நன்றி சொன்னேன், ஆத்தாவுக்கும் சொன்னேன். மகள் எழுந்தாள், தேறினாள், கல்லூரிக்குத் திரும்பிப் போனாள். நான்தான் தேறவில்லை. அவள் லீவுக்கு வீட்டுக்கு வந்தால், பக்கத்தில் போகும்போதெல்லாம் என் புறங்கை அவள் நெற்றிக்குப் போய்விடும். "அப்பா, நான் என்ன இஸ்திரிப் பெட்டியா, சூடு பாத்துக்கிட்டே இருக்கீக?" என்பாள். அவள் தும்மினால் என் கை தெர்மாமீட்டரைத் தேடும். இதை எழுதும்போதும் அப்படித்தான்.

சரி, எடைக்கு வருகிறேன்.

என் மனைவியின் தம்பிக்குப் போடியில் ஏலக்காய்க் கமிஷன் வேலை. அதோடு இன்சூரன்ஸ், அதோடு மனை விற்பனை. பங்குனியில் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஊதா நிறத்தில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் கடை மேஜை மேல் வைத்தான். அதில் பழங்களின் படம் போட்டிருந்தது. மங்குஸ்தான், மாதுளை, திராட்சை விதை, குடம்புளி, பிறகு நம் நாட்டில் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு கறுப்புப் பழம்.

"மச்சான், இது ஆன்டி-ஆக்ஸிடன்ட். இரும்புல துருப் பிடிக்குதுல்ல, அது மாதிரி நம்ம ஒடம்புக்குள்ளயும் பிடிக்கும். அத இது எடுத்துரும். துருவோட சேந்து கொழுப்பும் போயிரும்."

"ரெண்டும் சேந்தா இருக்கு மாப்ள?"

"படிச்சவகளுக்குக் கேள்வியா வரும். தின்னு பாத்தவகளுக்குத்தான் பதில் வரும்."

நான் வேதியியல் படித்தவன். ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றால் என்ன என்று தெரியும். எடைக்கும் அதற்கும் இவன் சொல்கிற மாதிரி நேர்வழி எதுவும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் சித்திரை பக்கத்தில் நின்றது. பாதிப் படியில் சுவரைப் பார்த்து நிற்கிறவன் சட்டியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு, நான் படித்த வேதியியலை ஒரு பக்கமாக ஒதுக்கி உட்கார வைத்துவிட்டது. டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

அப்போது கடையில் பண்ணைப்புரம் பக்கத்துத் திராட்சைக்காரர் ஒருவர் சாம்பல்நோய்க்கு மருந்து வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். டப்பாவைக் கையில் வாங்கி, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என்னண்ணே, திராட்சக் கொட்டையா? நாம துப்பிப்போடுறதையா இப்படி அடச்சு விக்கிறாக?"

"அதோட சாரம்ணே," என்றான் மைத்துனன்.

"சாரம் என்னத்த சாரம். பன்னீர்த் திராட்சப் பழத்துல ஒண்ணுக்கு ரெண்டு கொட்ட கெடக்கு. இவரு நம்ம பந்தலுக்கு வரட்டும். துப்பாம முழுங்கட்டும். பழம் இனாம்."

வீட்டில் மனைவி டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடம்புளிப் படத்தில் விரலை வைத்தாள். கம்பம் சந்தையில் மலையாளத்துக்காரர்களிடமிருந்து அவள் வாங்கிவந்து மீன்குழம்பில் போடுகிற அதே கறுத்த புளி. "இதுக்கா எந்தம்பிட்ட போயி ஏமாந்தீக? வாரத்துக்கு ரெண்டு நாள் மீன் எடுத்தாந்தா நானே மெலிய வச்சிருப்பேன்," என்றாள். வாரத்துக்கு இரண்டு நாள் மீன் எடுத்து வந்துதான் நான் இரண்டு மூட்டையானேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விழுங்கித் தண்ணீர் குடிப்பேன். முதல் சில நாட்களில் நடந்தது இவ்வளவுதான்: வயிறு கடகடவென்று பேசியது, புளித்த ஏப்பம் வந்தது, பசி கூடியது. மைத்துனனைக் கேட்டேன். "துரு கெளம்புதுன்னு அர்த்தம்," என்றான்.

சித்திரை பிறந்தது. வீரபாண்டிக் கோயிலில் கம்பம் நட்டார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த மரக்கொம்பு அது. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து அதன் அடியில் ஊற்றுவோம். நானும் ஊற்றிவிட்டு வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொண்டேன். கட்டிய நாளிலிருந்து சட்டி எடுத்து இறக்கும் வரை கவிச்சி கூடாது. முட்டையும் கூடாது. மெத்தையில் படுக்கக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது.

நான் அரைகுறையாக இருக்க விரும்பவில்லை. மகள் விஷயம். வீட்டில் மீன் சமைத்த சட்டிகளை எல்லாம் மனைவி கட்டிப் பரணில் போட்டாள். எதிர்க்கடை மொபைல்காரர் பேரனின் பிறந்தநாள் கேக் கொண்டுவந்தபோது, முட்டை கலந்திருக்கும் என்று கைகூப்பித் திருப்பி அனுப்பினேன். எங்கள் கடையில் எலும்புத்தூள் உரம் உண்டு. திராட்சைக்கும் ரோஜாவுக்கும் போடுவார்கள். யாராவது அதைக் கேட்டு வந்தால், "அங்கன மூலையில இருக்கு, நீங்களே எடுத்துக்கிருங்க," என்று நான் இந்தப் பக்கம் நகர்ந்துகொள்வேன். மூட்டைக்காரர் சிரிப்பார். "எலும்புத்தூள நீங்க என்ன ரசத்துலயா போடப் போறீக?" என்பார். போடாவிட்டாலும், காப்புக் கட்டிய கையால் தொட மனம் வரவில்லை.

சாயங்காலம் கடையை மூட்டைக்காரரிடம் விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் நடக்கப் பழகினேன். முதல் நாள் ஒரு தென்னந்தோப்பைத் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளியது. அந்தத் தோப்பு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நான் வருகிற வேகத்துக்கு அவசரமில்லை என்று நினைத்திருக்கும். பிறகு இரண்டு தோப்பு, மூன்று தோப்பு என்று ஆனது. எல்லாம் கேப்சூலின் புண்ணியம் என்று நம்பினேன்.

பரீட்சை முடிந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் தட்டில் கீரையையும் கையில் மஞ்சள் நூலையும் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களப் பாத்தா கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கு. அம்மாட்ட கேட்டுட்டுத்தான் கட்டுனீகளா?" என்றாள்.

இப்போது முக்கோணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து டப்பா ஒவ்வொன்றிலும் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பென்றால் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. என் கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் இந்தப் பாடத்தைக் கேட்காமல் வெளியே போக முடியாது. "முதல்ல முக்கோணத்தப் பாருங்க. பெறகு சின்ன எழுத்தப் படிங்க. படிக்காம மூடியத் தெறக்காதீக." பல வருடங்களாக இதைச் சொல்லிச் சொல்லி, சிலர் படியேறும்போதே "முக்கோணம் பாத்தாச்சுண்ணே" என்று கத்திக்கொண்டு வருவார்கள்.

திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தன. வெயில் மேஜையைச் சுட்டது. ஒரு காலையில், வாழைக்காரர் ஒருவருக்குச் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலேயே கேப்சூல் டப்பாவை எடுத்தேன். மைத்துனன் தன் போட்டோவும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டித் தருவான். வெயிலுக்கும் என் கை வியர்வைக்கும் அவன் முகம் ஓரத்தில் சுருண்டிருந்தது. நகத்தால் லேசாகத் தள்ளினேன். முழுதாக வந்துவிட்டது. அடியில் ஒரு சின்னச் சதுரம், சதுரத்துக்குள் ஒரு முக்கோணம். பழுப்பு நிறம்.

சாப்பாட்டுப் பொருளில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம்.

சின்ன எழுத்தைப் படித்தேன். உள்ளே இருப்பது எல்லாம் பழம்தான். ஆனால் கேப்சூலின் ஓடு ஜெலட்டின். அது எதிலிருந்து வருகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாட்டின் தோல், எலும்பு. நான் தொட மறுத்து மூலையில் போட்டிருந்த மூட்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். காப்புக் கட்டிய நாளிலிருந்து, காலையும் மாலையும், தலையை அண்ணாந்து, பக்தியோடு அதை விழுங்கியிருக்கிறேன்.

வாழைக்காரர், "என்னண்ணே, சிவப்பா?" என்று கேட்டார்.

"அதுக்கு மேல," என்றேன்.

மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, இது அசைவமாமே?"

"கூடுதான் மச்சான் அசைவம். உள்ள சரக்கு சுத்த சைவம்."

"நான் காப்புக் கட்டியிருக்கேன்டா!"

மறுமுனையில் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னான். பிறகு வியாபாரிக் குரலில், "சைவக் கூட்டுலயும் வருது மச்சான். வெலதான் கொஞ்சம் கூட. ஒரு டப்பா அனுப்பட்டா?" என்றான். நான் அவனை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. காப்புக் கட்டியவன் அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

கடையை மூட்டைக்காரர் கையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. கொடுத்த வாக்கில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குத் தண்டனை எனக்கு வந்தால் பரவாயில்லை. வாக்கு யார் பெயரில் கொடுத்ததோ அவள் மேல் வந்தால்? படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள், தட்டணு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

வீட்டுக்குள் நுழைந்தால், மகள் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"என்ன ஆத்தா, ஏன் படுத்திருக்க?"

"தல வலிக்குதுப்பா."

செருப்பைக் கழற்றாமலே பக்கத்தில் போனேன். புறங்கை நெற்றிக்குப் போனது. சுடுகிற மாதிரி இருந்தது. அல்லது நான் வெயிலில் வந்ததால் என் கைதான் சுட்டதோ என்னவோ. தெர்மாமீட்டரைத் தேடினேன். வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. தெர்மாமீட்டர் பழுதாக இருக்குமோ என்று என் வாயிலும் வைத்துப் பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. மறுபடி அவள் வாயில் வைத்தேன்.

"கெளம்பு. தேனிக்குப் போயி டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துருவோம்."

"எதுக்கு? வெயில்ல மொட்ட மாடில துணி காயப்போட்டேன், அதான் வலிக்குது. வேற ஒண்ணுமில்லப்பா."

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். கேப்சூல், ஓடு, பழுப்பு முக்கோணம், ஆஸ்பத்திரிக் குழாயடியில் கொடுத்த வாக்கு. மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். மகள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப என் உசுரு ஒரு மாத்திர ஓட்டுலயா தொங்கிக்கிட்டு இருக்குப்பா?"

நான் தெர்மாமீட்டரை உறைக்குள் போட்டேன்.

"நான் தும்ம முடியல. தல வலிக்குதுன்னு சொல்ல முடியல. ஒரு நாள் சோறு வேணாம்னு சொல்ல முடியல. உடனே உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகிருது. எனக்குக் காய்ச்சல் போயி எத்தன மாசமாச்சு? உங்களுக்கு இன்னும் போகல. அந்த மூஞ்சியப் பாத்தாத்தான்ப்பா எனக்குப் பயமா இருக்கு. நெசமாவே நான் செத்துத்தான் போயிருவேனோன்னு."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்ததெல்லாம் அவளை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மனைவிதான் முதலில் தெளிந்தாள். "ஓட்டயப் போட்டவரு நீங்க. அடைக்கிறதுக்கு வழி இங்கன உக்காந்திருந்தா வராது. கோயில்ல போயிக் கேப்போம், வாங்க," என்று சேலையை மாற்றக் கிளம்பினாள்.

பைக்கில் போனோம். கோயிலில் நல்ல கூட்டம். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண்கள் ஈரச் சேலையோடு வரிசையில் நின்றார்கள். பூசாரி ஒருவரை ஓரமாகப் பிடித்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் அவரிடம் இதே மாதிரிச் சங்கடத்தோடு நின்றார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருவர் பஸ் ஸ்டாண்டில் காளான் பப்ஸ் என்று நினைத்து முட்டைப் பப்ஸைத் தின்றுவிட்டிருந்தார். இன்னொரு அம்மா, காப்புக் கட்டிய தன் மகன் சொந்தக்காரர் வீட்டில் ஆட்டுக்கால் சூப்பை ரசம் என்று நினைத்துக் குடித்துவிட்டான் என்றார். "தெரியாமத்தான் குடிச்சான் சாமி," என்றவர், பிறகு மெல்ல, "ரெண்டாவது தம்ளரு எப்பிடித் தெரியாமக் குடிச்சான்னுதான் எனக்குப் புரியல," என்றார்.

என் முறை வந்தது. கேப்சூலை விளக்கினேன். பூசாரிக்கும் என்னைப் போலவே நல்ல தொந்தி. காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அதத் தின்னா மெலியுமாக்கும்?"

"அப்படித்தான் சொன்னாக."

"மெலிஞ்சீகளா?"

"இல்ல சாமி."

"அப்ப ரெண்டு வகையிலயும் வம்புதான்," என்று தலையை ஆட்டினார். பிறகு ஆற்றைக் காட்டினார். "முங்கி எந்திரிச்சு வாங்க. பழைய நூல ஆத்துலயே விட்டுருங்க. புதுசு கட்டிவிடுறேன். தெரியாமப் பண்ணுனதுக்கெல்லாம் ஆத்தா கணக்குப் பாத்தா, இங்க ஒருத்தரும் சட்டி எடுக்க முடியாது."

முல்லையாற்றில் முழுகினேன். நூல் ஈரத்தில் இறுகிக்கொண்டு அவிழ மறுத்தது. மனைவி பல்லால் கடித்து அவிழ்த்தாள். திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் அவள் சிரிப்பது தெரிந்தது. "என்ன?" என்றேன். "எந்தம்பிய மீன்கொழம்புல போட்டுருவோமா?" என்றாள்.

வீட்டில் மகள் எழுந்து தோசை சுட்டுத் தின்றுகொண்டிருந்தாள். தலைவலி போய்விட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, புதுக் காப்பைக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நடக்குற அன்னைக்கு நானும் வாரேன்," என்றாள்.

"வெயில்ல எதுக்குத் தாயி நீ..."

"நேர்த்திக்கடன் என் பேர்லதான? அப்ப நான் நடக்காம எப்படி? தடுத்தீகன்னா நான் தனியாக் கெளம்பிருவேன்."

மீதி டப்பாவை மைத்துனனிடம் திருப்பிக் கொடுத்தேன். தராசிலும் மறுபடி ஏறினேன். இரண்டு மூட்டையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் கிட்டங்கிப் படியில் சுவரைப் பார்க்காமல் மேலே போக முடிந்தது. கேப்சூல் அல்ல, வாய்க்கால் கரைதான் என்று அதற்குள் எனக்கே புரிந்திருந்தது.

திருவிழாவில் நாங்கள் வெள்ளென விடியலில் கிளம்பினோம். மனைவி சட்டி, வேப்பிலை, விறகோடு ஷேர் ஆட்டோவில் முன்னால் போய்விட்டாள். ரோட்டில் மஞ்சள் துணிகளாக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சீலையம்பட்டி வரை மகளும் நானும் பேசிக்கொண்டே வந்தோம். அதற்குப் பிறகு அவள் மட்டும் பேசினாள். எனக்கு மூச்சு அதற்குப் போதவில்லை. கொஞ்ச தூரத்தில் அவள் இரண்டு எட்டு முன்னால் இருந்தாள். பிறகு ஒரு கூட்டம் குறுக்கே வந்தது. கூட்டம் விலகியபோது அவள் இல்லை.

நின்று பார்த்தேன். எல்லாரும் மஞ்சள் துணி. வயல் ஓரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தது அவள் மாதிரி இருந்தது, அவள் இல்லை. மயங்கி விழுந்திருப்பாளோ? யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்களோ? எனக்கு ஓடத் தெரியும் என்பதே மறந்து போயிருந்தது. ஓடினேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க, கோட்டூர் வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியில் ஒரு கிழவர், "மெதுவாப் போங்கய்யா, ஆத்தா எங்கயும் போயிர மாட்டா," என்றார்.

கோட்டூரில் நீர்மோர்ப் பந்தல். பந்தலில் ஒரு பெரிய அண்டா. அண்டாவுக்குப் பின்னால் மஞ்சள் சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, நடந்து வருகிறவர்களுக்கெல்லாம் தம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என் மகள். பந்தல்காரர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆள் பத்தவில்லை என்றார்களாம், நின்றுவிட்டாளாம்.

"எங்க ஆத்தா போன?" என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

"நான் எங்க போனேன்? நீங்கதான் காணாமப் போயிட்டீக," என்று ஒரு தம்ளரை நீட்டினாள். "குடிங்க. மோர்தான், சைவம்."

பந்தலின் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து குடித்தேன். அவளைப் பார்த்தேன். முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. மூச்சு ஒரே சீராக இருந்தது. ஒரு கையால் அண்டாவைச் சாய்த்து மறு கையால் மொண்டாள். அந்த அண்டாவை என்னால் அசைக்க முடிந்திருக்காது. நாங்கள் இருவரும் ஒரே ரோட்டில் ஒரே வெயிலில் நடந்து வந்திருக்கிறோம். இதில் யாராவது சோர்ந்து விழப்போகிறார்கள் என்றால் அது அவள் இல்லை. இது ஒரு எளிய விஷயம். இத்தனை மாதம் என் கண்ணில் படவில்லை. அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். அவளைப் பார்க்கவே இல்லை.

ஆற்றில் குளித்து, சட்டி எடுத்தேன். கை சுட்டது, பொறுக்கிற சூடுதான். மகள் முன்னால் போய், "தள்ளுங்க, தள்ளுங்க, அப்பா வாராக!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டே போனாள். மேளச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே நான் கோயிலைச் சுற்றி வந்து சட்டியை இறக்கினேன்.

திரும்பும்போது மூவரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். லீவு முடிந்து மதுரைக்குக் கிளம்பும் பேச்சு வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு ஒப்பந்தம். ஹாஸ்டலுக்குப் போன பெறகு தெனமும் போன் பண்ணிக் காய்ச்சலான்னு கேக்கக் கூடாது."

"வாரத்துக்கு ரெண்டு தடவ?"

"ஒண்ணு."

"ரெண்டு, ஆத்தா. சட்டி எடுத்திருக்கேன்ல."

"சட்டி எடுத்ததே இனிக் கேக்கக் கூடாதுன்னுதான். ஒண்ணு."

ஒத்துக்கொண்டேன். அந்த ஒரு தடவையை எந்தக் கிழமையில் வைத்துக்கொள்வது என்பதில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. நான் திங்கள் என்கிறேன். வாரம் தொடங்கும்போதே தெரிந்துவிடும். அவள் சனி என்கிறாள். அதற்குள் வந்த காய்ச்சலும் போயிருக்குமாம்.